கோவிவன் நின்ற கல்

எருமைகளை ஓட்டிப்போக வந்தவர்களை எதிர்த்து ஒருவன் செத்தான். அவனோடு இருந்த நாய் ஓடிவிடவில்லை. வந்த கள்வரில் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் இருந்தது. செத்தவன் பெயர் கருந்தேவக்கத்தி, நாயின் பெயர் கோவிவன். ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரின் நடுகல் ஒன்று இந்தச் செய்தியைச் சொல்கிறது. வீரனின் உருவமும் நாயின் உருவமும் ஒரே கல்லில் இருக்கின்றன. வீரனைப் பற்றிய எழுத்து தனி, நாயைப் பற்றிய எழுத்து தனி. காலமும் கல்லிலேயே பொறித்திருக்கிறது: பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. அவன் 590 வாக்கில் பட்டத்துக்கு வந்தான் என்று கொண்டால், இது 624ஐ ஒட்டி நடந்த சம்பவம்.

அதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்து கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதை எழுப்பினேன் என்று வடமொழியில் பொறித்தும் வைத்தான். பல்லவர் வரலாறு என்றதும் பாடப்புத்தகங்கள் அங்கேதான் போகும். பிறகு மாமல்லபுரம், வாதாபி, புலிகேசி. செப்பேடுகளில் யானைகள் பிளிறும், பகைவர் முதுகில் வெற்றி எழுதப்படும். அந்தப் போர்கள் நடந்த நூற்றாண்டில் செங்கத்துப் பக்கத்துச் சனங்கள் எதற்காகச் செத்தார்கள் என்பதைச் செப்பேட்டில் தேடினால் கிடைக்காது. அதற்கு எடுத்தனூர்க் கல் போன்றவற்றிடம்தான் போக வேண்டும். எருமைக்காகச் செத்தார்கள், ஆநிரைக்காகச் செத்தார்கள். சில இடங்களில் பன்றியோடும் புலியோடும் மோதிச் செத்தார்கள். நம் போர் வரலாறு இந்தக் கற்களை அடிக்குறிப்பாக வைத்திருக்கிறது. இவற்றைத்தான் அது முதலில் படித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கல்லின் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகளால் ஆனவை. ஆளுயரப் பலகைக் கல்லுக்கு இங்கே பஞ்சம் கிடையாது. அப்படியிருந்தும் கண்ணில் பட்ட கல்லை எடுத்து நட்டுவிடுவதில்லை. தொல்காப்பியம் இந்தச் சடங்கை ஆறு படிகளாகப் பிரிக்கிறது: கல்லைத் தேடிக் காணும் காட்சி, நாள் பார்த்து எடுக்கும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, கடைசியில் வாழ்த்து. செத்தவனின் உறவினரும் ஊராரும் சேர்ந்து பல நாள் செய்யும் வேலை இது. அரசன் செலவு செய்து எழுப்பிய நினைவுச்சின்னமாக இவற்றைக் கற்பனை செய்தால் தவறிவிடுவோம். கல்லில் அரசன் பெயர் வருவது காலத்தைக் குறிப்பதற்கு. இன்று கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடத்தின் பெயரைப் போடுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சிற்பியின் வேலையில் ஆழம் குறைவு. புடைப்பு ஓரிரு விரல் கனம்கூட இராது. ஆனால் அசைவு இருக்கிறது. செங்கத்து வீரர்கள் நேராக நிமிர்ந்து நிற்பது அரிது. கால்களை அகட்டி, உடம்பை ஒருபக்கம் திருப்பி, ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாகப் பாய்வதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள். சில கற்களில் காலருகே ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் செதுக்கியிருக்கும். செத்தவனுக்குப் படைக்கும் கள்ளுக்கான கலம் அது என்று சிலர் விளக்குகிறார்கள். எழுத்து வட்டெழுத்து. மகேந்திரனின் சொந்தச் சீமையில், செங்கல்பட்டுக்கு அருகே வல்லத்துக் குடைவரையில், அவன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு தமிழ் எழுத்தில் இருக்கிறது. செங்கத்தில் அதே அரசனின் பெயரை வட்டெழுத்தில், அதுவும் ஊர்க்காரர் நாக்குக்கு வந்தபடி எழுதியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்து எழுத்தர் யாரும் இங்கே வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எடுத்தனூர்க் கல்லில் ஒரு வரிசை இருக்கிறது. மேலே பல்லவ அரசன். அவனுக்குக் கீழே வாணகோ அரைசர், அதாவது பாணர் குலத்துச் சிற்றரசர். அவருடைய மருமக்களாகப் பொற்றொக்கையார். அவருடைய இளமகனாகக் கருந்தேவக்கத்தி. கடைசியில் கோவிவன். பல்லவ அரசு தொண்டை நாட்டின் மேற்கு ஓரத்தில் எப்படி இயங்கியது என்பதை ஆய்வாளர்கள் நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஏணியின் படிகள் எல்லாம் இந்த ஒரே பலகையில் இருக்கின்றன. அரசன் தன் ஆளை நேரடியாக அனுப்பவில்லை. சிற்றரசன், அவன் உறவினன், அந்த உறவினனின் வீரன் என்று அதிகாரம் படிப்படியாக இறங்கி எருமைக் கொட்டில்வரை வருகிறது. தானம் கொடுக்கும் செப்பேட்டில் இந்த ஏணி நிலம் பெறும் பிராமணரோடு முடிந்துவிடும். இங்கே நாய்வரைக்கும் போயிருக்கிறது.

இத்தனை கற்கள் ஏன் செங்கத்தைச் சுற்றி? நிலப்படத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வடக்கே ஜவ்வாது மலைத்தொடர். தெற்கே தென்மலையும் அதையடுத்துக் கல்வராயன் மலையும். இரண்டுக்கும் நடுவே சிங்காரப்பேட்டை வழியாக ஓர் இடைவெளி. அதுதான் செங்கம் கணவாய். மேற்கே இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மேட்டுநிலத்திலிருந்து கிழக்கே திருவண்ணாமலைச் சமவெளிக்கு இறங்க வண்டியும் மாடும் போகத் தோதான பாதை இது. மேட்டில் கங்கரும் நுளம்பரும், சமவெளியில் பல்லவர், நடுவே யார் பக்கம் காற்றடிக்கிறதோ அந்தப் பக்கம் சாயும் வாணர். நுழைவாயிலில் வீடு கட்டியவன் தூங்க முடியாது என்பது செங்கத்துக்காரர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் தெரிந்திருந்த விஷயம்.

இன்னும் பின்னால் போனால், பத்துப்பாட்டின் மலைபடுகடாம் இந்த நிலத்தைத்தான் பாடுகிறது. பல்குன்றக் கோட்டத்து நன்னனின் ஊர் செங்கண்மா. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியே ஓடும் சேயாறு அந்தப் பாட்டில் வருகிறது. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, பாதையோரம் பெயர் பொறித்த நடுகற்கள் இருப்பதையும் அதைப் பாடிய பெருங்கௌசிகனார் நினைவூட்டுகிறார். அவருக்கும் எடுத்தனூர்ச் சிற்பிக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருக்கின்றன. கல் நடும் வழக்கம் அந்த இடைவெளியைத் தாண்டி வந்திருக்கிறது.

கல்லெழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘தொறு’. மாட்டு மந்தை என்று பொருள். தொறு கொள்ளும்போது பட்டவன், தொறு மீட்டுப் பட்டவன் என்று இரு வகையினருக்கும் கல் இருக்கிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் சுவையாகப் படும் இடம் இதுதான். மாட்டை ஓட்டிப்போக வந்து செத்தவனுக்கு அவன் ஊர் கல் நட்டது. ஓட்டிப்போனதைத் தடுத்துச் செத்தவனுக்கு இவன் ஊர் கல் நட்டது. எடுத்தனூர்க் கல் வந்தவர்களைக் கள்வர் என்கிறது. அந்தக் கள்வரில் எவனாவது கோவிவன் கடித்துச் செத்திருந்தால் அவன் ஊரில் அவன் வீரன். கல்லும் படையலும் கெண்டியும் அவனுக்கும் கிடைத்திருக்கும்.

தொல்காப்பியம் இரண்டையும் வெட்சி என்ற ஒரே திணைக்குள் வைக்கிறது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. வெட்சி மன்னன் ஏவலால் நடக்கும் போரின் முதல் அடி என்று உரைகாரர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். கற்களைப் படித்தால் அந்த ஒழுங்கு தளர்ந்துபோகும். சில பூசல்களில் ஒரு அரசின் படையே வந்திருக்கிறது. ஜவ்வாதுக்கு வடக்கே ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள் நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பனின் படை ஆமையூரில் தொறுக்கொள்ள வந்தபோது நேர்ந்த சாவுகளை அவை பதிவு செய்கின்றன. ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். கல்வெட்டறிஞர் ஹுல்ச் இவற்றைப் படித்து எபிகிராஃபியா இந்திகாவின் நான்காம் தொகுதியில் வெளியிட்டார். வேறு பல பூசல்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் தமக்குள் தீர்த்துக்கொண்ட கணக்குகளாகவே தெரிகின்றன. அரசப்போர், ஊர்ச்சண்டை, திருட்டு மூன்றுக்கும் நடுவே கோடு போடுவதற்கு அந்தக் காலத்து மனிதர்களுக்கே தேவை இருந்ததா என்று சந்தேகப்படுகிறேன்.

மாட்டுக்கு ஏன் இந்த மதிப்பு என்பதை வீரத்தின் வழியாகவே விளக்கிப் பழகிவிட்டோம். உழவின் வழியாகப் பார்ப்பது நல்லது. செங்கம் வட்டாரம் அன்று மழையை நம்பிய மேட்டுநிலம். சாமை, கேழ்வரகு, கொள்ளு போன்றவை விளையும் மண். இப்படிப்பட்ட மண்ணில் நிலத்தின் பரப்பு விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை. நிலம் வேண்டிய மட்டும் கிடந்தது. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் சில நாட்களுக்குள் எத்தனை ஏர் பூட்ட முடியும் என்பதுதான் கணக்கு. ஏர் பூட்ட மாடு வேண்டும். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டால் எரு சேரும், அதற்கும் மந்தை வேண்டும். பாலும் நெய்யும் பண்டமாற்றுக்கு ஆகும். மழை பொய்த்த ஆண்டில் தானியம் இருக்காது, மந்தை இருக்கும். அதை ஓட்டிக்கொண்டு மலைமேல் புல் இருக்கும் இடத்துக்குப் போகலாம். எனவே ஓர் ஊரின் தொறுவை ஓட்டிப்போனால் அந்த ஆண்டுப் பாலோடு அடுத்த ஆண்டு விதைப்பும் போகிறது. பகைவனின் நெற்களஞ்சியத்தைக் கொளுத்துவதைவிட இது லாபமான போர். கொளுத்தினால் சாம்பல்தான் மிஞ்சும், ஓட்டிவந்தால் தன் ஊரில் ஏர் கூடும். தானியத்தைச் சுமக்க ஆள் வேண்டும், மாடு தானே நடந்து வரும்.

தொல்லியல் துறையில் பணியாற்றிய ர. பூங்குன்றன் இந்தக் கோணத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். ‘தொல்குடி வேளிர் அரசியல்’ என்ற அவருடைய நூல் செங்கம் நடுகற்களை வைத்து, மேய்ச்சல் வாழ்க்கையிலிருந்த குடிகள் எப்படி வேளிர் தலைமைக்குள் வந்தன, அந்தத் தலைமை எப்படிப் பெரிய அரசுகளுக்குள் கரைந்தது என்று பேசுகிறது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். பாட்டை வைத்து அவர் கட்டிய வீரயுகத்துக்குக் கல்லிலிருந்து கிடைக்கும் சாட்சி நடுகல். ஆனால் கைலாசபதியின் வீரர்கள் புகழுக்காகச் சாகிறார்கள். பூங்குன்றனின் வீரர்கள் மேய்ச்சல் நிலத்துக்காகவும் மந்தைக்காகவும் சாகிறார்கள். எடுத்தனூரைப் பொறுத்தவரை என் வாக்கு இரண்டாமவருக்கு.

பல்லவரும் நுளம்பரும் போனபிறகும் கணவாயின் குணம் மாறவில்லை. 1767இல் முதல் மைசூர்ப் போர். கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தது. ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து வருகிறார்கள் என்பது ஆகஸ்ட் இறுதியில் எப்படித் தெரிந்தது? ஹைதரின் குதிரைப்படை பாய்ந்து வந்து, மேய்ந்துகொண்டிருந்த கும்பினியின் பொதிமாடுகளையும் வண்டிமாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனபோது தெரிந்தது! பீரங்கியும் துப்பாக்கியும் வந்துவிட்ட காலம். எருது இல்லாமல் பீரங்கி ஓரடி நகராது. ஸ்மித் செங்கம் கணவாய் வழியே திருவண்ணாமலையை நோக்கி இறங்கினார். செப்டம்பர் 3இல் செங்கத்தில் சண்டை நடந்தது. ஸ்மித் வென்றார். வென்ற படை பசியோடு திருவண்ணாமலைக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கே எதிர்பார்த்த அரிசியும் இல்லை. 1780இல் ஹைதர் பெரும்படையோடு ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியதும் இதே வழியில்தான். தொல்காப்பியரை ஹைதர் படித்திருக்க வழியில்லை. போரை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தப் படைகள் எல்லாம் கடந்து போகையில் எடுத்தனூர்க் கல்லும் அதன் கூட்டாளிகளும் என்னவாக இருந்தன? வட்டெழுத்து இந்தப் பக்கத்தில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கருந்தேவக்கத்தி என்ற பெயரை உச்சரிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. கல் மட்டும் நின்றது, ஏனென்றால் அது சாமியாகிவிட்டது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நடுகல்லுக்குப் பொதுவான பெயர் வேடியப்பன். வில்லோடு நிற்பவன் வேடன், ஊரைக் காக்கிறவன் அப்பன். எண்ணெய் பூசி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, பொங்கலிட்டுக் கிடா வெட்டுகிறார்கள். மண்குதிரை செய்து வைக்கிறார்கள். பிள்ளைக்கு வேடியப்பன் என்று பெயரிடுகிறார்கள். திருவண்ணாமலை அருகே ஒரு மலைக்கே அந்தப் பெயர். இரும்புத்தாது வெட்டும் திட்டம் அங்கே வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்ததைச் செய்தித்தாள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

படித்தவர்கள் சிலர் இதை அறியாமை என்பார்கள். செத்தவன் யாரென்றே தெரியாமல் கும்பிடுகிறார்களே என்று. நான் ஒப்பமாட்டேன். ஆநிரை காத்துச் செத்தவன் ஊரைக் காப்பான் என்பதுதான் கல்லை நட்டவர்களின் நம்பிக்கை. பெயர் போய்விட்டது, வேலை போகவில்லை. நடைமுறைப் பயனையும் பார்க்க வேண்டும். சாமியாகாத நடுகல் துணி துவைக்கும் கல்லாகும், வாய்க்கால் பாலமாகும், வீட்டு வாசற்படியாகும். சாமியான கல்லின்மேல் யாரும் கால் வைப்பதில்லை. தொல்லியல் துறை பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சம்பளம் வாங்காமல் இந்தக் கற்களைக் காத்தவர்கள் பூசாரிகள்.

துறை வந்தது 1961இல். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையின் இயக்குநராக 1966 முதல் இருந்த இரா. நாகசாமி காலத்தில் செங்கம் வட்டம் ஊர் ஊராகத் தேடப்பட்டது. தேடல் என்றால் சாகசமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரை, வேப்பமரத்தடி, புளியந்தோப்பு, காட்டு வரப்பு என்று நடப்பதும், ‘உங்க ஊர்ல எழுத்துள்ள கல்லு இருக்குதுங்களா’ என்று கேட்பதும்தான். கல் கிடைத்ததும் முதல் வேலை பூசாரியின் சம்மதம். அடுத்தது கழுவுவது. தலைமுறை தலைமுறையாக ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு பாறையோடு பாறையாக இறுகியிருக்கும்.

மைப்படி எடுப்பது பார்க்க எளிது, செய்யச் சிரமம். நனைத்த தாளைக் கல்லின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். அதற்கென்று உள்ள தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பலமாக அடித்தால் தாள் கிழியும், மெல்ல அடித்தால் எழுத்து விழாது. தாள் சற்றே உலர்ந்ததும் மை ஒற்றும் திண்டால் மேலே ஒற்றிக்கொண்டே வந்தால் கல்லின் மேற்பரப்பு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழும்பும். வெயில் கடுமையாக இருந்தால் தாள் சீக்கிரம் காய்ந்து உரிந்துவிடும். காற்று அடித்தால் அன்றைய பொழுது வீண். உரித்தெடுத்துச் சுருட்டிய தாளோடு கல்லின் இரண்டாம் பயணம் தொடங்குகிறது. கல் நட்ட ஊரிலேயே நிற்க, அதன் எழுத்து சென்னைக்குப் போகிறது.

1972இல் நாகசாமியின் பதிப்பில் ‘செங்கம் நடுகற்கள்’ நூலாக வந்தது. பல்லவ வரலாற்றில் அதன் விளைவு பெரிது. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் ஆகியோரின் ஆட்சியாண்டோடு கூடிய இத்தனை தமிழ்க் கல்வெட்டுகள் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பல்லவரின் கை மேற்கே எதுவரை நீண்டது என்பதற்கு ஊர்ப் பெயரோடு சான்று கிடைத்தது. வட்டெழுத்து எப்படி வளர்ந்தது என்பதை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்க்க முடிந்தது. 1982இல் செட்டரும் சொந்தைமரும் இந்தியா முழுவதற்குமான நினைவுக் கற்களைப் பற்றித் தொகுத்த ஆங்கில நூல் வந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜனும் அவருடைய மாணவர்களும் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்ததும் கணக்கு மொத்தமாக மாறியது. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோளை, அதாவது ஆநிரை கவர்தலை, குறிப்பிடுகிறது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மாட்டுப் பூசலில் செத்தவனுக்கு எழுத்தோடு கல் நட்டிருக்கிறார்கள். எடுத்தனூர்க் கல் மிக நீண்ட ஒரு வரிசையின் நடுவில் போய் நின்றது.

மலைமேல் ஏறாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது ஊர்களிலும் நடுகற்கள் உண்டு. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியின் தமிழ்த்துறையினரும் திருவண்ணாமலை ஆர்வலர்களும் புதியவற்றைக் கண்டு அறிவித்துக்கொண்டே இருக்கிறார்கள். கல்வெட்டைவிடப் பழைய பொருளும் அங்கே சாமியாக இருக்கிறது. புதிய கற்காலத்து மெருகேற்றிய கைக்கோடரிகள் உழும்போது அகப்பட்டு, மரத்தடியில் பிள்ளையாராக அமர்ந்திருக்கின்றன. காட்டைத் திருத்தி முதல் விதையைப் போட்டவனின் கருவி அது.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தாங்கள் வந்த வழி பற்றிச் சொன்ன கதை ஒன்று வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இடம்பெற்றது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் இகழ்ந்து மறுக்கவே ஏழு கன்னியரைக் கவர்ந்து போனார்கள். மீட்க ஏழு பேர் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களைச் செத்தவர்களாக நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திவிட்டுத் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஏழு பேரும் வீடு வந்தபோது அவர்களுக்குக் கருமாதி முடிந்து மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவனை ஊர் சேர்த்துக்கொள்ளாது. அவர்கள் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறி உழவில் இறங்கினார்கள்.

சக ஆண்டு 1055 என்று கையேடு இதற்குக் காலமும் சொல்கிறது. அந்த ஆண்டுக் கணக்கை யாரும் நம்ப வேண்டியதில்லை. பிற மலைகளில் வாழும் மலையாளிகளிடையே வேறு வடிவக் கதைகளும் உண்டு. ஆனால் இந்தக் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள்: கவர்தல், மீட்கப் போதல், கூடவே நாய், மீட்கப் போனவனுக்கு ஊர் செய்யும் சாவுச் சடங்கு. செங்கத்துக் கற்கள் சொல்வதும் இதைத்தான். மாட்டின் இடத்தில் பெண் வந்திருக்கிறாள். அந்த மாற்றம் அவ்வளவு எளிதாக நடந்திருப்பது உறுத்த வேண்டிய விஷயம். கவர்ந்தவர், மீட்டவர் இரு தரப்புக்கும் கதையில் பேச்சு உண்டு. கவரப்பட்ட ஏழு பேர் கடைசியில் என்ன ஆனார்கள் என்பதைக் கதை சொல்வதே இல்லை. கோவிவன் காத்துநின்று பெயர் வாங்கியது, இந்தக் கதையின் நாய்கள் பாதியில் திரும்பி ஒரு சமூகத்தின் பிறப்புக்கே காரணமாயின. நாட்டார் வழக்காறும் கல்வெட்டும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து கிடப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

மைப்படித் தாள்களின் பயணத்துக்கும் ஒரு பூசல் வாய்த்தது. ஆம்பூர்க் கற்களைப் படித்த ஹுல்ச்சின் காலத்திலிருந்து மத்திய அரசின் கல்வெட்டுப் பிரிவு சேர்த்த தமிழ் மைப்படிகள் சென்னையிலிருந்து உதகமண்டலத்துக்குப் போய், 1966இல் மைசூருக்குப் போய்ச் சேர்ந்தன. பல்லாயிரம் தமிழ்க் கல்வெட்டுகளின் படிகள் அங்கே அச்சேறாமல் கிடக்கின்றன என்று பல ஆண்டுகள் முறையீடு நடந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. கவர்ந்ததா, மீட்டதா, வெறும் இடமாற்றமா என்பது அவரவர் எந்த ஊரில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்தத் தாள்களின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. வேடியப்பனுக்கு வசதி பெருகிவிட்டது: தகரக் கொட்டகை, டைல்ஸ் தரை, சிமெண்ட் மேடை. வீரனின் உடம்புக்கு எனாமல் பெயிண்ட், மீசைக்குக் கறுப்பு, வேட்டிக்கு மஞ்சள். பக்தியோடு செய்கிறார்கள், குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் மேடை உயர்ந்தால் அடியில் உள்ள வரிகள் சிமெண்டுக்குள் போய்விடும். பெயிண்ட் வட்டெழுத்தின் மெல்லிய பள்ளத்தை நிரப்பிவிடும். எழுத்தைத் தெளிவாக்குகிறேன் என்று மைதா மாவைத் தேய்த்துப் படம் எடுக்கும் உற்சாகிகள் வேறு. அதைவிட, இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துச் செல்பேசியில் படம் எடுத்தால் எழுத்து தானே நிழல் விட்டு எழும்பும். கல்லுக்கும் சேதமில்லை. திருவிழாவுக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கல்லைக் கழுவும் நாள் எது என்று பூசாரியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் போவது நல்லது. போகும்போது தேங்காய், பழம், கற்பூரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.